கொடுங்கோன்மையும் குடிகளின் கூட்டும்

தமிழில் அரசியல் நெறியை வகுத்துக் கூறும் நூல்களுள் திருக்குறள் தலையாயது. பொருட்பாலிலே செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை என்பன 55, 56, 57ஆம் அதிகாரங்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. அரசு எவ்வாறு கெடும் என்னும் வினாவுக்கு இவ்வதிகாரங்களில் இருவகை விடை காணப்படும். துன்பம் பொறுக்கமாட்டாத குடிகள் சிந்தும் கண்ணீரே அரசின் வளத்தை அழிக்கவல்லது என்பது கொடுங்கோன்மை அதிகாரத்தின் விடை. முறையிட வருவோர் எளிதிற் காண இயலாதவனாய், ஆராய்ந்து முறைசெய்யாதவனாய் இருக்கும் மன்னன் பிறர் கெடுக்கவேண்டாது தானாகவே கெடுவான் என்பது செங்கோன்மை அதிகாரத்தின் விடை. முன்னையது குடிகளின் துன்பத்தை நோக்கியது. பின்னையது மன்னனின் வாயிலை நோக்கியது. இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. எனினும், நெடுநாள் ஆண்ட ஒருவனை வீழ்த்துதற்குத் தம்முள் மாறுபட்ட வகுப்பினர் ஏன் ஒன்றுகூடுகின்றனர் என்று ஆராயப் புகுவோர், இவற்றுள் எது முதற்காரணம் என்று துணிதல் வேண்டும்.

இவ்வினா எளிதன்று. நிலமுடையோனும் வாரக்குடியும், வணிகனும் கூலியாளும், உயர்ந்த உத்தியோகத்தனும் தெருவோர வியாபாரியும் நாள்தோறும் ஒருவர் நலத்துக்கு மற்றவர் தடையாக வாழ்பவர்கள். அரிசியின் விலை ஏறினால் ஒருவருக்கு இலாபம், மற்றவருக்குப் பட்டினி. இத்தகையோர் ஒருநாள் ஒரே திடலில் ஒரே குரலெழுப்பி நிற்பதை உலகம் பலமுறை கண்டிருக்கின்றது. இலங்கை அதனை மிக அண்மையிற் கண்டது 2022ஆம் ஆண்டிலாகும். அக்கூட்டுக்குக் கூறப்பட்ட காரணங்களை ஆராய்தற்கு உரைகல் ஒன்று வேண்டும். அவ்வுரைகல் கொழும்பிலன்றி, முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானிலே கிடைக்கின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்தல் வேண்டும். 2022இல் வீழ்ந்தவரைச் சர்வாதிகாரி என்றல் பொருந்துமா என வினவுவோர் உளர். கோட்டாபய ராசபக்ச 2019 நவம்பர் 16ஆம் நாள் நடந்த தேர்தலில், செல்லுபடியான வாக்குகளில் நூற்றுக்கு 52 பங்கிற்கு மேல் பெற்றுச் சனாதிபதியானவர். ஆயினும் தேர்தலால் வந்த ஆட்சியும் தனியாட்சியாகத் திரியக்கூடும். அவருடைய தமையன் மகிந்த ராசபக்ச 2005 முதல் 2015 வரை சனாதிபதியாயிருந்தார். அக்காலத்திற் கோட்டாபய பாதுகாப்புச் செயலாளர். 2010இல் நிறைவேறிய பதினெட்டாம் திருத்தம், ஒருவர் எத்தனை முறையும் சனாதிபதியாகலாம் என்று வழிதிறந்தது. 2020இல் வந்த இருபதாம் திருத்தம், இடையிலே குறைக்கப்பட்ட அதிகாரங்களை மீண்டும் அப்பதவிக்கே அளித்தது. தமையன் பிரதமர், மற்றொரு சகோதரர் நிதியமைச்சர் என்னும் நிலையும் ஏற்பட்டது. முடியாட்சியன்று, ஆயினும் ஒரு குடும்பத்தின் நெடுநாட் கோல் அது. கோல் கோடிய பொழுது அதனை நிமிர்த்துதற்குரிய நிறுவனங்கள் வலியிழந்து நின்றன என்பதே ஈண்டுக் கருதற்பாலது.

இனி, அக்கோலின் வீழ்ச்சிக்கு முதலாவதாகச் சொல்லப்பட்ட காரணம் துன்பம். 2022 ஏப்பிரில் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. மார்ச்சு மாத இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. எரிவாயு, பெற்றோல், பால்மா, மருந்து யாவும் அரிதாயின. பசியும் இருளும் மக்களை ஒன்றுகூட்டின என்று பலர் எழுதினர். இவ்விளக்கம் கண்கூடான உண்மையைத் தாங்கிநிற்கின்றது. ஆயினும் முழுமையன்று. இதனை ஒட்டுசுட்டானில் வைத்து உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

ஒட்டுசுட்டான், தான்தோன்றீச்சரர் கோயிலால் விளங்குவது. குரக்கன் வெட்டிய பின் எஞ்சிய ஒட்டைச் சுட்டபோது இறைவன் வெளிப்பட்டமையால் ஊருக்கு இப்பெயர் வாய்த்தது என்பது கோயில் வரலாறு. காடு வெட்டி நிலந்திருத்திக் குளநீரால் விளைவித்து வாழும் கமக்காரரே இப்பகுதியிற் பெரும்பாலோர். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபொழுது, பொலன்னறுவைக் கமக்காரனை வருத்திய அதே ஆணை முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்தவனையும் வருத்தியது. தடை நவம்பரில் தளர்த்தப்பட்டபோது பெரும்போக விதைப்புக் காலம் கழிந்துகொண்டிருந்தது. பயிர் வெளிறியதும் விளைச்சல் குன்றியதும் இருவருக்கும் பொது. இதன் மேலும் வன்னிக்கு ஒரு கணக்கு உண்டு. 1990ஆம் ஆண்டுகளிலே பொருளாதாரத் தடையின்கீழ் மண்ணெண்ணெயைத் துளி துளியாக அளந்து, போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிக்கவைத்த நாடு அது. 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அங்குள்ளோர் ஊரோடு பெயர்ந்து, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் எனக் கிழக்கே தள்ளப்பட்டனர். எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். துன்பமே கூட்டுக்குக் காரணமாயின், முதலில் எழுந்திருக்க வேண்டியோர் இவர்களே. ஆயின் 2022இல் காலிமுகத்திடலை நிறைத்த வெள்ளம் வன்னியிலிருந்து புறப்படவில்லை. வன்னியின் சந்திகளிலும் அத்தகைய வெள்ளம் திரளவில்லை. நெடிது துன்புற்றோர் ஒதுங்கிநிற்க, புதிதாகத் துன்புற்றோர் எழுந்தமைக்குத் துன்பம் மட்டும் விடையாகாது.

இதற்கு எளிய மறுமொழிகள் சில கூறப்படும். வன்னியார் அவ்வாட்சியை வெறுக்கவில்லை போலும் என்பது ஒன்று. இது பொருந்தாது. 2015 சனவரியில் நடந்த சனாதிபதித் தேர்தலில் வன்னித் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தோருள் நாலில் மூன்று பங்கிற்கு மேற்பட்டோர் மகிந்தவை எதிர்த்து வாக்களித்தனர். 2019இலே ஐந்தில் நான்கு பங்கினர் கோட்டாபயவின் எதிராளிக்கு வாக்களித்தனர். தெற்கு 2022இல் அடைந்த முடிவை வடக்கு முன்னரே வாக்குச்சீட்டில் எழுதிவிட்டது. அச்சமே தடுத்தது என்பது மற்றொன்று. படைமுகாம்கள் நிறைந்த மாவட்டம் முல்லைத்தீவு என்பதும், அங்கே சிறு கூட்டமும் கண்காணிக்கப்பட்டது என்பதும் மறுக்கலாகாதவை. ஆயினும் அச்சம் முழு விடையன்று. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிலே தொடங்கிய இருப்புப் போராட்டம் அடுத்த மாதமே முல்லைத்தீவிலும் தொடங்கிற்று. கண்காணிப்போரின் கண்ணெதிரே ஐந்தாண்டு அமர்ந்திருந்தோரை அஞ்சினர் என்று கூறல் தகாது.

இரண்டாவது காரணம் இலட்சியம். விடுதலை வேட்கையும் ஊழலற்ற ஆட்சிமீதான விருப்பமும் வகுப்பு வேற்றுமையை மறக்கச்செய்தன என்பது அது. திடலில் இருந்த இளைஞர் பலர் அத்தகைய வேட்கை உடையவரே. ஆயினும் கூட்டு முழுவதையும் அதனால் விளக்குதல் அரிது. 2022இல் கூடியோருள் மிகப்பலர் 2019இலே அந்த ஆட்சியைத் தாமே அழைத்தவர்கள். இடைப்பட்ட மூன்றாண்டில் அவர்களுடைய இலட்சியம் தலைகீழாயிற்று என்று கொள்வதிலும், அவர்கள் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று கொள்வதே நேரியது. மூன்றாவது காரணம் சூழ்ச்சி. வெளிநாட்டாரும் கட்சிக்காரரும் தூண்டினர் என்பது வீழ்ந்தோர் எங்கும் சொல்லும் சொல். தூண்டுவோர் எக்காலத்தும் உளர். எரிய ஆயத்தமான விறகு எக்காலத்தும் இருப்பதில்லை. விறகு எவ்வாறு உலர்ந்தது என்பதே ஆராய்ச்சிக்குரியது.

இவ்விடத்திலேதான் செங்கோன்மை அதிகாரத்தின் கருத்து ஒளி தருகின்றது. காட்சிக்கு எளியனல்லாத அரசன் கெடுவான் என்பதனை அறவுரையாக மட்டும் கொள்ளாது, அரசியல் இயக்கத்தைக் கூறும் உண்மையாகவும் கொள்ளலாம். கௌடிலியரின் அர்த்தசாத்திரமும், காண்டற்கரிய அரசனை அவனைச் சூழ்ந்தோர் செய்யத்தக்கது செய்யத்தகாதது என்னும் வேறுபாடு தலைகீழாகும்படி ஆட்டிவைப்பர் என்றும், அதனாற் குடிகள் வெறுப்படைவர் என்றும் எச்சரிக்கின்றது. தனியாட்சி எதுவும் அச்சத்தால் மட்டும் நெடுநாள் நிலைப்பதில்லை. ஒவ்வொரு வகுப்பினருக்கும் ஒவ்வொரு வாயிலைத் திறந்துவைத்தே அது நிலைக்கின்றது. பெருவணிகனுக்கு வரிச்சலுகை, கமக்காரனுக்கு மானியப் பசளை, துறவிக்கு மதிப்பு, படைவீரனின் குடும்பத்துக்குப் புகழ், ஏழைக்கு நிவாரணம், கற்றோனுக்கு ஒழுங்கான நிருவாகம் வரும் என்னும் நம்பிக்கை. ஒருவனுக்குரிய வாயில் மற்றவனுக்குத் தெரிவதில்லை. தெரிந்தால் அவனுக்குப் பொறாமை. ஆதலின் வகுப்புகள் பிரிந்தே நிற்கும். ஒருவன் வாயில் அடைபட்டு அவன் கதறும்போது, தத்தம் வாயில் திறந்திருக்கும் ஏனையோர் அமைதியாயிருப்பர். எல்லா வாயில்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அடைபடும் அன்றே அனைவரும் வெளியே நின்று ஒருவர் முகத்தை ஒருவர் காண்கின்றனர்.

2019 முதல் 2022 வரை நிகழ்ந்தது இதுவே. 2019 திசம்பரில் பெறுமதி சேர் வரி நூற்றுக்கு 15இலிருந்து 8ஆகக் குறைக்கப்பட்டது. வணிகர் மகிழ்ந்தனர், ஆனால் திறைசேரி வெறுமையாயிற்று. அந்நியச் செலாவணி குன்றவே இறக்குமதிகள் தடைப்பட்டு, வணிகரின் வாயிலும் அடைபட்டது. பசளைத் தடையாற் சிங்களக் கமக்காரனின் வாயில் அடைபட்டது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்கு நீதி வரும் என்று காத்திருந்த கத்தோலிக்கருக்கு அது வரவில்லை. டீசலும் மண்ணெண்ணெயும் இன்றி மீனவரின் வள்ளங்கள் கரையில் நின்றன. மின்வெட்டாலும் மருந்துத் தட்டுப்பாட்டாலும் கற்ற நடுத்தர வகுப்பினரின் நம்பிக்கை அழிந்தது. இறுதியிற் பெற்றோல் நிலைய வரிசையிலே மோட்டார்க் கார் உடையவனும் முச்சக்கர வண்டிக்காரனும் ஒருவன்பின் ஒருவனாய் இரவு முழுவதும் நின்றனர். அந்நாட்டிலே வகுப்புகள் சமனாய்ச் சந்தித்த இடம் அவ்வரிசை. அங்கே பணமும் செல்வாக்கும் முன்னிடம் வாங்கித்தரவில்லை. வாங்கித்தந்த இடங்களிலே சினம் மேலும் பெருகியது.

இதனோடு இணைந்து செயற்பட்ட காரணம் மற்றொன்று அதிகாரக் குவிப்பு. அதிகாரம் அமைச்சர், பாராளுமன்றம், மாகாண சபை, நீதிமன்றம் எனப் பரந்து கிடப்பின் குற்றமும் பரந்து கிடக்கும். கமக்காரன் ஒருவரைக் குறைகூறுவான்; மீனவன் வேறொருவரைக் குறைகூறுவான். எல்லாம் தன்னால் ஆவன என்று தனியாளன் தன்னை உயர்த்திக்கொள்ளும்போது, எல்லாக் குற்றங்களுக்கும் தானே முகவரியாகின்றான். ஆதலாற்றான் காலிமுகத்திடலின் முழக்கம், பதவியிலிருப்பவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்னும் ஒரு கோரிக்கையிற் குறுகி நின்றது. பலவகைப்பட்டோரும் உடன்படக்கூடியது அஃது ஒன்றேயாகும்.

உலக வரலாறும் இதனை வலியுறுத்தும். ஈரானில் 1941 முதல் ஆண்ட ஷா மன்னர், 1975இல் ஏனைய கட்சிகளை ஒழித்து ஒரே கட்சியை நிறுவினார். விலையேற்றத்துக்குக் கடைத்தெரு வணிகரே காரணம் என்று அவர்களைத் தண்டித்தார். குருமாருடன் வணிகரும், 1978ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எண்ணெய்த் தொழிலாளரும் சேர்ந்தபோது ஆட்சி நிற்கவில்லை. 1979 சனவரியில் மன்னர் நாட்டை நீங்கினார். பிலிப்பைன்சில் 1965 முதல் ஆண்ட மார்க்கோசு, நெருங்கியோருக்கே தொழில்களை அளித்து ஏனைய முதலாளிகளைப் புறந்தள்ளினார். 1983இல் எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ கொல்லப்பட்ட பின்னர், தம் செல்வமும் கல்வியும் தமக்குக் காவலாகா என்பதை மேல்வகுப்பினர் உணர்ந்தனர். 1986 பெப்ரவரியில் அவர்களும் துறவியரும் ஏழை மக்களும் மணிலாவின் பெருவீதியில் ஒன்றாய் நின்றனர். சொல்லும் சமயமும் வேறாயினும் இயக்கம் ஒன்றே.

இலங்கைக்கும் இது புதிதன்று. கண்டியின் இறுதி மன்னன் ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் 1798இல் அரியணை ஏறினான். தன்னை அரசனாக்கிய பிலிமத்தலாவை அதிகாரியை அவன் கொல்வித்தான்; அடுத்து வந்த எகலப்பொலை அதிகாரி கிளர்ந்தெழுந்து 1814இல் ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தபோது அவர் மனைவி மக்களைக் கொல்வித்தான். கண்டி ஏரி முதலிய பெருவேலைகளுக்காகக் குடிகளின் ஊழியம் கடுமையாயிற்று. அம்மன்னனின் கொடுமையை எழுதிய ஆங்கிலேயர் போருக்குக் காரணம் தேடியவர்கள். ஆதலின் அவர் கூற்றை அளந்தே கொள்ளல் வேண்டும். அவ்வாறு கழித்தபின்னரும் ஓருண்மை எஞ்சும். பதவியாற் பிணிக்கப்பட்ட பிரதானியர், மரபாற் பிணிக்கப்பட்ட பிக்குமார், வழக்காறு காக்கும் என்று நம்பிய குடிகள் ஆகிய மூவருக்கும் வாயில்கள் அடைபட்டன. 1815 பெப்ரவரியில் ஆங்கிலப் படை கண்டிக்குட் புகுந்தபோது மன்னனுக்காகப் போரிட முன்வந்தோர் மிகச் சிலர்.

கூட்டு எதனால் உண்டாகின்றது என்பதற்கு மட்டுமன்றி, எதனாற் கலைகின்றது என்பதற்கும் 1815 சான்றாகும். அவ்வாண்டு மார்ச்சு 2ஆம் நாள் பிரதானியர் ஆங்கிலேயருடன் உடன்படிக்கை செய்தனர். ஒவ்வொருவரும் தத்தமக்குரிய பழைய வாயிலைப் புதிய ஆட்சி திறக்கும் என்று எதிர்பார்த்தனர். அது திறக்கவில்லை. 1817இல் ஊவாவிற் கிளர்ச்சி மூண்டது. அதனை அடக்கச் சென்று பின் கிளர்ச்சியாளருடன் சேர்ந்த கெப்பெட்டிப்பொலை 1818 நவம்பரில் தலை வெட்டப்பட்டார். எகலப்பொலை நாடுகடத்தப்பட்டு மொரீசியசில் இறந்தார். ஒருவனை இறக்குதற்கு ஒன்றுபட்டோர், எதனை ஏற்றுவது என்பதில் ஒன்றுபடவில்லை. பிலிப்பைன்சிலும் அவ்வாறே. 1987 சனவரி 22ஆம் நாள், கூட்டு வெற்றிபெற்று ஓராண்டு நிறையுமுன், நிலச்சீர்திருத்தம் கோரி மணிலாவில் ஊர்வலம் சென்ற உழவர்மீது சூடு நடந்து பன்னிருவருக்கு மேற்பட்டோர் இறந்தனர். பெருவீதியிலே தோளோடு தோள் நின்ற நிலக்கிழாரும் உழவரும் நிலம் என்ற சொல் எழுந்தவுடன் பிரிந்துவிட்டனர்.

2022இல் இக்கலைவு இன்னும் விரைந்து நிகழ்ந்தது. சூலை 9ஆம் நாள் மக்கள் சனாதிபதி மாளிகையுட் புகுந்தனர். 14ஆம் நாள் சனாதிபதி பதவி துறந்தார். 20ஆம் நாள் பாராளுமன்றம் 134 வாக்குகளால் இரணில் விக்கிரமசிங்கவைத் தெரிந்தது. 22ஆம் நாள் விடியற்காலையிலே படையினர் திடலிலிருந்தோரை அடித்து அகற்றினர். பெற்றோலும் எரிவாயும் ஓரளவு கிடைக்கத் தொடங்கியதும் அவரவர் தத்தம் வாயிலைத் தேடிச் சென்றனர். ஆளப்பட்ட பதவியோ 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வகுத்தவாறே நின்றது.

இவ்விளக்கத்தின்படி, முன்னர் எழுப்பிய வினாவுக்கும் விடை கிடைக்கின்றது. ஒட்டுசுட்டானின் கமக்காரன் 2022இல் அக்கூட்டிற் சேராமைக்குக் காரணம், அவனுக்கு அடைபடுதற்கு ஒரு வாயில் இருந்ததில்லை என்பதே. இழந்தோர் எழுவர், என்றும் பெறாதோருக்கு அந்நாள் மற்றொரு நாளே. கேப்பாப்புலவு மக்கள் 2017இன் தொடக்கத்திலே படைமுகாமின் வாயிற்புறத்து அமர்ந்து தம் காணியைக் கேட்டனர். தெற்கிலே உவமையாகச் சொல்லப்படும் அடைத்த வாயில், வன்னியிலே முட்கம்பியாற் கட்டிய மெய்யான வாயிலாயிருந்தது. அதன் முன் அவர்கள் இரவும் பகலும் இருந்தபோது, ஏனைய வாயில்கள் திறந்திருந்தமையால் ஏனையோர் அங்கு வரவில்லை.

அரசனைப் பற்றிய வன்னியின் நினைவும் வேறு. ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில், 1803 ஒக்டோபர் 31ஆம் நாள் கப்டன் வொன் திறிபேக் என்பவன் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த செய்தியைக் குறிக்கும் கல் நாட்டப்பட்டது. வென்றவன் பெயரை முன்வைத்து நாட்டிய அக்கல்லைத் தோற்றவன் நினைவுக்குரியதாக மக்கள் கொண்டாடினர். கண்டி மக்களின் நினைவிலே கொடுங்கோலன் என்பான் தம் அரியணையிலிருந்து கோடியவன்; வன்னி மக்களின் நினைவிலே அவன் புறத்திருந்து வந்தவன். முன்னையோனை இறக்கினால் அரியணை தமக்கு மீளும் என்று ஒருவர் நம்பலாம். பின்னையோனை இறக்கினால் வேறொருவன் புறத்திருந்து வருவான் என்றே மற்றவர் எண்ணுவர். ஆள் மாறினால் என்ன மாறும் என்னும் வினா வன்னியிற் சோம்பலால் எழுந்ததன்று, பட்டறிவால் எழுந்தது.

கிரேக்க அறிஞர் அரித்தோத்தில், தம் அரசியல் நூலின் ஐந்தாம் பகுதியிலே, குடிகள் ஒருவரையொருவர் நம்பத் தொடங்கும் வரையிற் கொடுங்கோலாட்சி வீழ்வதில்லை என்றும், ஆதலின் குடிகளிடையே நம்பிக்கையின்மையை விதைப்பது கொடுங்கோலர் தொழில் என்றும் கூறினார். பெற்றோல் வரிசை தெற்கின் வகுப்புகளிடையே அந்நம்பிக்கையை ஒருவாறு விளைத்தது. வடக்கிற்கும் தெற்கிற்கும் இடையே அத்தகைய வரிசை இருந்ததில்லை. 2009 மே மாதத்திலே வன்னி தன் பிணங்களை எண்ணவும் இயலாதிருந்தபோது, தெற்கின் தெருக்களிலே பாற்சோறு பகிர்ந்து வெடி கொளுத்தினர். பதின்மூன்றாண்டின் பின் அதே தெருக்களில் எழுந்த முழக்கத்தை வன்னியார் வெறுக்கவில்லை. ஆயினும் உடனே நம்பவும் இயலவில்லை. தனியாட்சியின் மிக நீண்டகாலப் பயிர் இந்நம்பிக்கையின்மையே. ஆட்சி வீழ்ந்த பின்னும் அது விளைந்துகொண்டிருக்கும்.

எனினும் வரலாறு அவ்விடத்தே நின்றுவிடவில்லை என்பதையும் நடுவுநிலையோடு கூறல் வேண்டும். காலிமுகத்திடலில் நாட்டுப்பண் தமிழிலும் பாடப்பட்டது. 2022 மே 18ஆம் நாள் அத்திடலிலே முள்ளிவாய்க்காலில் இறந்தோர் நினைவுகூரப்பட்டனர், கஞ்சியும் வழங்கப்பட்டது. கூடியோர் தொகை பெரிதன்று. ஆயினும் கொழும்பின் நடுவே அதற்குமுன் எண்ணவும் இயலாத செயல் அது. 2024 நவம்பரில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில், தெற்கிலே வேர்கொண்ட தேசிய மக்கள் சக்தி வன்னித் தேர்தல் மாவட்டத்திலும் முதலிடம் பெற்றது. திடலுக்கு வராதோர் வாக்குச்சாவடிக்கு வந்தனர் என்று இதனைக் கொள்ளலாம். பழைய தலைமைகள்மீதிருந்த சலிப்பும் இதற்கு ஒரு காரணமாதல் கூடும். எவ்வாறாயினும், இவ்வாக்கு கொடையன்று; கடன் கொடுத்ததற்கு ஒப்பானது. கொடுத்தோர் கணக்குக் கேட்பர். காணி, காணாமலாக்கப்பட்டோர், தம்மைத் தாமே ஆளும் உரிமை என்பன அக்கணக்கின் முதல் வரிகள்.

தொகுத்து நோக்குமிடத்து, கொடுங்கோன்மை அதிகாரம் கூறிய கண்ணீரும் செங்கோன்மை அதிகாரம் கூறிய வாயிலும் தத்தம் இடத்தில் உண்மையானவை. கண்ணீர் இன்றி எழுச்சி இல்லை. ஆயினும் ஒருவர் கண்ணீர் மற்றவருக்குக் கண்ணீராகத் தோன்றுதற்கு, தன் வாயிலும் அடைபட்டதென மற்றவர் உணரல் வேண்டியிருக்கின்றது. மனித இயல்பின் இக்குறைபாட்டை மறைத்து, மக்கள் யாவரும் விடுதலை வேட்கையால் ஒன்றாயினர் என்று புகழ்ந்தெழுதுவது வரலாற்றுக்கு நன்மை செய்யாது. அவ்வாறு எழுதுவோர், கூட்டு கலையும்போது வியப்படைவர். சேராதிருந்தோர்மீது பழி கூறுவர்.

இத்திறனாய்வினால் அரசியல் பயில்வோர் பெறத்தக்கது ஒன்றுண்டு. தனியாளன் திறக்கும் வாயில் அவன் அருளால் திறப்பது. அவன் வேண்டியபொழுது அடைக்கத்தக்கது. அவ்வருளைப் பங்கிட்டுக்கொள்ளும் வரையில் வகுப்புகள் பிரிந்திருக்கும். அது வற்றும்போது கூடும். மீண்டும் சுரக்கும்போது கலையும். சட்டத்தால் திறந்து, எவராலும் அடைக்கலாகாத பொதுவாயில் ஒன்றை வேண்டிக் கூடும் கூட்டே நிலைபெறும். அது மெய்யாகவே பொதுவாயில்தானா என்று அறிதற்கு ஒரு சோதனை போதும். அதன் முன் முதலிற் சென்று முறையிடுவோர் கொழும்பின் வழக்கறிஞரும் வணிகரும் மட்டுமாயின், அது பழைய வாயிலே. ஒட்டுசுட்டானின் கமக்காரனும் முல்லைத்தீவின் தாயும் தம் மொழியிலே தம் குறையைச் சொல்லி, அன்றே விடைபெற்று மீளுவாராயின், அது பொதுவாயில் ஆகும்.